கிரைண்டர் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகுதா? புது பெல்ட் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

சனிக்கிழமை சாயங்காலம். உளுந்தும் அரிசியும் ஊறித் தயாராக இருக்கின்றன. மறுநாள் காலை இட்லிக்கு விருந்தாளிகள் வேறு வருகிறார்கள். கிரைண்டர் ஸ்விட்சைப் போடுகிறீர்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால், டிரம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அல்லது, உளுந்து பொங்கி வரும் நேரம் பார்த்து, சுற்றுவது மெதுவாகி, ரப்பர் கருகும் வாடை சமையலறை முழுக்கப் பரவுகிறது.

கிரைண்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு இப்படியொரு சனிக்கிழமை ஒருமுறையாவது வந்திருக்கும். `பெல்ட் போயிடுச்சு' என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, ஊறிய அரிசியைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவோம். மறுநாள் மெக்கானிக் வருவார், புது பெல்ட் மாட்டுவார், காசு வாங்கிக்கொண்டு கிளம்புவார். நாலு மாதம் போகும். மறுபடியும் அதே வாடை!

எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று பெல்ட் போனது. முதல் தடவை, `பெல்ட் குவாலிட்டி சரியில்ல' என்றார்கள். இரண்டாவது தடவை, `போன தடவை அளவு தப்பா போட்டிருக்காங்க' என்றார்கள். மூன்றாவது தடவை, `இதுக்கு மேல இதுல காசு போடாதீங்கம்மா, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கோங்க' என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மனசே வரவில்லை. `கல்லு நல்லாத்தானே இருக்கு... மோட்டாரும் ஓடுது. ஒரு ரப்பர் துண்டுக்காக மொத்தத்தையும் தூக்கிப்போடுறதா?' என்று ஒரே புலம்பல்.

கடைசியில், பக்கத்துத் தெருவில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். வந்தவர் கிரைண்டரைத் தொடவே இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, `பழைய பெல்ட்டை என்ன பண்ணுனீங்க?' என்பதுதான். நல்லவேளை, எதையும் தூக்கிப்போடாத அம்மா, அறுந்த மூன்றையும் ஸ்டோர் ரூம் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அந்த மூன்று பெல்ட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இரண்டே நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். அது பெல்ட்டில் இல்லை. அது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பெல்ட் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதிப் பிரச்னையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பெல்ட்டுக்கு அங்கே என்ன வேலை?

ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றி மாவாட்டிய கைகளுக்கு விடுதலை கொடுத்தது கோயம்புத்தூர். 1950-களில் அங்கே உருவான மின்சார வெட் கிரைண்டர், இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்த பிறகு, டேபிள் டாப் கிரைண்டர் இல்லாத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பழைய டில்டிங் கிரைண்டரோ, மேடை மேல் வைக்கும் டேபிள் டாப்போ, பெரும்பாலானவற்றில் உள்ளே இருக்கும் ஏற்பாடு ஒன்றுதான். மோட்டாரில் ஒரு சின்ன புல்லி. டிரம்மைச் சுற்றும் தண்டில் ஒரு பெரிய புல்லி. இரண்டையும் இணைக்கும் ஒரு பெல்ட்.

ஏன் நேராக மோட்டாரிலேயே டிரம்மை மாட்டவில்லை? கிரைண்டர் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,400 முறை சுற்றும். அந்த வேகத்தில் டிரம் சுற்றினால், மாவு சமையலறைச் சுவரில்தான் இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் கல்லை இழுக்கும் பலம் கூட வேண்டும். உதாரணத்துக்கு, மோட்டாரில் 2 இன்ச் புல்லி, டிரம் பக்கம் 12 இன்ச் புல்லி என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் டிரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் ஆறில் ஒரு பங்காகக் குறையும். இழுக்கும் பலம் கிட்டத்தட்ட ஆறு மடங்காகக் கூடும். சைக்கிளில் மேடு ஏறும்போது கியர் மாற்றுகிற அதே கணக்குதான்.

இன்னொரு முக்கியமான வேலையும் பெல்ட்டுக்கு உண்டு. கல்லுக்கு நடுவே ஸ்பூன் மாட்டிக்கொண்டு டிரம் நின்றுவிட்டது என்று வையுங்கள். பெல்ட் வழுக்கிக்கொடுக்கும். அதனால் மோட்டார் உடனே கருகாமல் தப்பிக்கும். வீட்டு மின்சார இணைப்பில் ஃபியூஸ் என்ன செய்கிறதோ, அதைத்தான் கிரைண்டரில் பெல்ட் செய்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போனால், புது ஃபியூஸ் கம்பி மட்டும் போட்டுக்கொண்டே இருப்போமா? எங்கே கோளாறு என்று தேடுவோம் இல்லையா? பெல்ட் விஷயத்திலும் அப்படித்தான் தேட வேண்டும்.

கை வைக்கும் முன்...

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. வீட்டில் யாராவது, `ஏன் ஆஃப்ல இருக்கு?' என்று போட்டுவிடுவார்கள். பிளக் உங்கள் கண் முன்னால் இருக்கட்டும்.

பெல்ட்டும் புல்லியும் சேரும் இடம்தான் கிரைண்டரிலேயே ஆபத்தான இடம். ஓடும்போது அங்கே விரல் போனால், இழுத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, `எப்படி ஓடுதுன்னு பார்ப்போம்' என்று ஸ்விட்சைப் போடவே போடாதீர்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னிய முடி எல்லாவற்றையும் முடிந்துகொண்டு உட்காருங்கள்.

அடிப்பாகத்தைத் திறந்தால், மோட்டாருக்குப் பக்கத்தில் சின்ன டப்பா மாதிரி கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதன் முனைகளைத் தொடாதீர்கள். வாரன்ட்டி முடியாத கிரைண்டர் என்றால், திறக்கவே வேண்டாம். கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

சத்தத்தையும் வாடையையும் கவனிங்க

கிரைண்டர் நின்றுபோனதும் `பெல்ட்' என்று முடிவு கட்டாமல், அது நிற்கும்போது என்ன சத்தம் போட்டது, என்ன வாடை வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

*சத்தமே இல்லை:* இதில் பெல்ட்டுக்குச் சம்பந்தமே இல்லை. மின்சாரம் வருகிறதா, பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா என்று வேறொரு சாதனத்தைச் செருகிப் பாருங்கள். சில கிரைண்டர்களில் அடியில் ஓவர்லோடு பட்டன் இருக்கும். சூடு அதிகமானால் அது தானாக ஆஃப் ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

*`உம்ம்ம்' என்ற முனகல் மட்டும், எதுவும் சுற்றவில்லை:* உடனே ஆஃப் செய்யுங்கள். சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு நிற்கும் மோட்டார், சில நிமிடங்களிலேயே கருகிவிடக்கூடும். கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், கல் மாட்டியிருக்கலாம். `டிரம்மைக் கையால ஒரு தள்ளு தள்ளிவிட்டா ஓடிடும்' என்று சில வீடுகளில் பழகிவைத்திருப்பார்கள். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். தள்ளினால்தான் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் அது கெப்பாசிட்டர் கோளாறு. மோட்டாரை ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. எலெக்ட்ரீஷியன் மாற்றித் தந்துவிடுவார். விட்டுவிட்டால் மோட்டாரே போகும், கையும் மாட்டும்.

*மோட்டார் ஜோராக ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை:* இப்போது பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். அறுந்திருக்கும் அல்லது புல்லியிலிருந்து நழுவியிருக்கும். பெல்ட் இருந்த இடத்தில் ஒழுங்காக இருந்தால், புல்லியைப் பாருங்கள். புல்லியைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ லூஸாகி, தண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். டேபிள் டாப்பில், டிரம் உட்காரும் பகுதியில் உள்ள பிளாஸ்டிக் பிடிப்பு தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

*காலியாக ஓடுகிறது, மாவு போட்டதும் நிற்கிறது:* பெல்ட் தளர்ந்திருக்கிறது, பக்கங்கள் வழவழப்பாகிவிட்டன அல்லது ஈரமோ எண்ணெயோ பட்டிருக்கிறது. கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். போட்ட அளவு அதிகமோ, தண்ணீர் குறைவோ?

*`கீச்ச்' என்ற சத்தம்:* பெல்ட் வழுக்குகிறது. ஆரம்பிக்கும்போது மட்டும் வந்தால் தளர்வு. தொடர்ந்து வந்தால், இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் இருக்கலாம்.

*`டக்... டக்... டக்' என்று தாளம் போடுகிறது:* பெல்ட்டில் ஒரு இடத்தில் துண்டு பெயர்ந்திருக்கும். ஆனால், பல வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து முதல்முறை ஓட்டும்போது இந்தச் சத்தம் வந்து, சில நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் வளைந்து நின்றதால் பெல்ட் அந்த வடிவத்துக்குப் பழகியிருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும்.

*`கரகர' சத்தம்:* இது பேரிங் அல்லது புஷ். பெல்ட் மாற்றினால் போகாது.

*வாடை:* டயர் கருகுவது போன்ற வாடை என்றால், பெல்ட் வழுக்கிச் சூடாகிறது. வார்னிஷ் தீய்ந்தது போல் மூக்கில் ஏறும் வாடை என்றால், மோட்டார் காயில். முதலாவதில் கொஞ்சம் அவகாசம் உண்டு. இரண்டாவதில் கிடையாது. உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைத்துவிடுங்கள்.

பெல்ட்டைக் கழற்றினால் பாதி உண்மை வெளியே வரும்

எனக்கு அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்ததிலேயே உருப்படியான சோதனை இதுதான். எந்தக் கருவியும் தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிப்பாகத்தைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இப்போது மோட்டார் தனி, டிரம் தனி.

டிரம் பக்கத்துப் பெரிய புல்லியைக் கையால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல், சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு, மோட்டார் பக்கத்துச் சின்ன புல்லியையும் அதே மாதிரி சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறதோ, கரகரக்கிறதோ, அந்தப் பக்கம்தான் பெல்ட்டைக் கொல்கிறது. புல்லியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால், புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வெண்ணெயாகச் சுற்றினால், அப்போது மட்டும் பெல்ட்டையோ, அதன் இழுப்பையோ குறை சொல்லுங்கள்.

பழைய பெல்ட் சொல்லும் கதை

கழற்றிய பெல்ட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்துப் பாருங்கள்.

பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால், அது ரொம்ப நாளாக வழுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. தளர்வாக ஓடியிருக்கிறது அல்லது சுமை அதிகம்.

உள்பக்கம் குறுக்கே வரிவரியாக விரிசல் இருந்தால், வயதாகிவிட்டது அல்லது சூட்டில் காய்ந்துவிட்டது. நாலைந்து வருடம் உழைத்த பெல்ட் இப்படி இருந்தால், அதன் மேல் தப்பே இல்லை. நன்றி சொல்லி வழியனுப்புங்கள். ஆறே மாதத்தில் இப்படி ஆனால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தால், புல்லிகள் நேராக இல்லை. அடியில் கரித்தூள் மாதிரி ரப்பர் தூள் கொட்டிக்கிடந்தாலும் பெரும்பாலும் இதே காரணம்தான். இரண்டு ஓரத்திலும் கடித்த தடம் இருந்தால், மாவு வாடைக்கு வந்த எலியின் வேலை!

மற்றபடி நன்றாக இருக்கும் பெல்ட், கத்தியால் வெட்டியது போல ஒரே இடத்தில் அறுந்திருந்தால், திடீரென்று ஏதோ மாட்டி இழுத்திருக்கிறது. அல்லது, மாட்டும்போதே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி ஏற்றியிருக்கிறார்கள். பெல்ட்டுக்குள் ஓடும் நூல்தான் அதன் உயிர். நெம்பும்போது அந்த நூல் வெளியில் தெரியாமல் உள்ளே அறுந்துவிடும். கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் பட்டென்று விட்டுவிடும்.

பெல்ட் உப்பி, மெத்தென்று பிசுபிசுத்தால், எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கிறது. பெல்ட்டிலும் புல்லியிலும் காய்ந்த மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தால், மேலேயிருந்து தண்ணீர் இறங்குகிறது.

எங்கள் வீட்டு மூன்று பெல்ட்டிலும் இருந்தது, இந்தக் கடைசி அடையாளம்.

எங்கள் வீட்டுக் குற்றவாளி

டிரம்மின் அடியில், நடுத்தண்டு பொருத்தியிருக்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. வருடக்கணக்கில் ஓடியதில் அது காய்ந்து, விரிந்துபோயிருந்தது. அரைக்கும்போதும், அரைத்து முடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதும், சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியிருக்கிறது. முதலில் புஷ் துருப்பிடித்து, டிரம் சுற்றுவது கனமானது. கனமான டிரம்மை, ஈரமான பெல்ட் இழுத்தது. வழுக்கியது, சூடானது, அறுந்தது. புது பெல்ட் வந்தது. அதற்கும் அதே கதி.

வாஷரை மாற்றி, புஷ்ஷையும் மாற்றி, கடைசியாக மாட்டிய பெல்ட் இன்றுவரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. செலவு, புது கிரைண்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

உங்கள் டேபிள் டாப் டிரம் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி. டிரம்மைக் கழற்றி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, செய்தித்தாள் மேல் வையுங்கள். உள்ளே பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு டிரம்மைத் தூக்கிப் பாருங்கள். பேப்பர் நனைந்திருந்தால், பெல்ட் கடைக்குப் போகும் முன் வாஷர் வாங்குங்கள்.

புது பெல்ட் வாங்கும்போது...

`கிரைண்டர் பெல்ட் ஒண்ணு குடுங்க' என்று கேட்டு வாங்காதீர்கள். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். டில்டிங் கிரைண்டர்களில் பெரும்பாலும் `வி' வடிவ பெல்ட் இருக்கும். அதன் மேல் ஏ-36 என்பது போல அச்சிட்டிருக்கும். `ஏ' என்பது அகல வகை. மேல்பக்கம் சுமார் 13 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 36 என்பது உள்பக்கச் சுற்றளவு, இன்ச்சில். `பி' வகை என்றால் அகலம் சுமார் 17 மில்லிமீட்டர். `ஏ' புல்லியில் `பி' பெல்ட் உட்காராது. `பி' புல்லியில் `ஏ' பெல்ட் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கும்.

டேபிள் டாப்களில் பலவற்றில், உள்பக்கம் நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும் பட்டை பெல்ட் வரும். அதில் எத்தனை கோடு, எவ்வளவு சுற்றளவு என்பது முக்கியம். எழுத்து அழிந்துபோயிருந்தால், கிரைண்டர் மாடலைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய பெல்ட்டின் சுற்றளவை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. உழைத்த பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும்.

`வி' பெல்ட் பற்றி ஒரு விஷயம். அது பிடிப்பது பக்கங்களால்தான், அடிப்பாகத்தால் அல்ல. அதனால், புல்லிப் பள்ளத்தின் அடியை அது தொடவே கூடாது. புது பெல்ட் மாட்டியும் அடியைத் தொடுகிறது என்றால், ஒன்று அளவு தப்பு, இல்லையென்றால் புல்லி தேய்ந்துவிட்டது. தேய்ந்த புல்லியில் எவ்வளவு நல்ல பெல்ட் போட்டாலும் நிற்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய மூன்று

ஒன்று: நெம்பாதீர்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால், பல மாடல்களில் மோட்டார் முன்னும் பின்னும் நகரும். மோட்டாரை உள்ளே தள்ளி, பெல்ட்டை மாட்டி, பிறகு வெளியே இழுத்து போல்ட்டை இறுக்குங்கள். மோட்டார் நகராத மாடல் என்றால், அந்த பெல்ட்டை மாட்டுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

இரண்டு: இழுப்பு. இரண்டு புல்லிகளுக்கும் நடுவில், `வி' பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓர் அடி இடைவெளி என்றால், சுமார் அரை சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். இடைவெளி குறைவு என்றால், அதற்கேற்ப இன்னும் குறைவாக. தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். `டைட்டா இருந்தாத்தானே நல்லா இழுக்கும்' என்று வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால், பெல்ட் பிழைத்துக்கொள்ளும், பேரிங் போய்விடும். புது பெல்ட் முதல் சில முறை ஓடியதும் கொஞ்சம் நீளும். அதனால், இரண்டு மூன்று தடவை மாவரைத்த பிறகு திரும்ப ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

மூன்று: நேர்க்கோடு. மரஸ்கேல் ஒன்றை இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டு புல்லிகளின் விளிம்பும் ஒரே தடிமனில் இருந்தால், ஸ்கேல் இரண்டையும் ஒன்றுபோலத் தொட வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால், மோட்டார் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டை முழுசாக இறுக்கும் முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. இறுக்கும்போதே மோட்டார் லேசாகத் திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள்.

பிறகு மூடியை மாட்டி, காலி டிரம்மோடு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். மாவரைக்கும் கல்லைக் காய்ந்த நிலையில் உரசவிட வேண்டாம், கல்லை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

பாட்டி வைத்தியம் வேண்டாமே!

வழுக்கும் பெல்ட்டில் சாக்பீஸ் தேய்ப்பது, சோப்பு தடவுவது, கீச் சத்தத்துக்கு இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுவது... எல்லா வீட்டிலும் ஒரு கைவைத்தியம் உண்டு. எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும்தான். பெல்ட்டின் பிடிப்பும் சேர்ந்தே நின்றுவிடும், ரப்பரும் ஊறிக் கெட்டுப்போகும். சாக்பீஸ் தூள், இருக்கிற தளர்வை நாலு நாள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பெல்ட்டையும் புல்லியையும் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

பெல்ட் நீண்ட நாள் உழைக்க...

முதலில் ஓடவிட்டு, பிறகு போடுங்கள். கொஞ்சம் தண்ணீரோடு கிரைண்டரை ஓடவிட்டு, உளுந்தையோ அரிசியையோ கைகையாகச் சேர்த்தால், பெல்ட்டுக்குச் சுமை படிப்படியாக ஏறும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டால், நின்ற இடத்திலிருந்து மொத்தக் கனத்தையும் அது ஒரே மூச்சில் இழுக்க வேண்டும்.

அரைத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், முதல் வேலையாக ஸ்விட்சை ஆஃப் செய்துவிடுங்கள். பெரும்பாலான பெல்ட்டுகள் அறுவது, கரன்ட் திரும்ப வரும் அந்த நொடியில்தான் என்பார் எங்கள் பெரியவர். கெட்டியான மாவுக்குள் கல் இறுகி நிற்கும். கரன்ட் வந்ததும், பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே கொஞ்சம் தண்ணீர் விட்டு, டிரம்மைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு ஓட்டுங்கள்.

சப்பாத்தி மாவு பிசையும் அட்டாச்மென்ட் போடும்போது, கிரைண்டர் அளவு பார்த்துப் போடுங்கள். இட்லி மாவு தண்ணீரில் வழுக்கிக்கொண்டு சுற்றும். கோதுமை மாவு பசைபோல இழுக்கும். பெல்ட்டுக்கு அது இரண்டு மடங்கு வேலை.

கழுவும்போது அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிரம்மைத் தனியாக எடுத்துக் கழுவுங்கள், அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். டில்டிங் கிரைண்டர் என்றால், கடைசிச் சொட்டுவரை சாய்த்து வடித்துவிடுங்கள். இரவு முழுக்க டிரம்மில் தண்ணீர் தேங்கி நின்றால், வாஷர் சீக்கிரம் போகும்.

வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, கிரைண்டரின் அடிப்பாகத்தையும் திறந்து பாருங்கள். ரப்பர் தூள், காய்ந்த மாவு, விரிசல் ஏதாவது தெரிகிறதா? பத்து நிமிட வேலை.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எல்லா கிரைண்டரையும் காப்பாற்ற முடியாது. மோட்டார் காயில் கருகி, டிரம் தண்டும் தேய்ந்து, கல்லும் வழவழவென்று ஆகிவிட்டது என்றால், ரிப்பேர் செலவைக் கூட்டிப் பாருங்கள். புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், விடைகொடுப்பதுதான் புத்திசாலித்தனம். தொட்டால் ஷாக் அடிக்கிற கிரைண்டரை, `லேசாத்தான் அடிக்குது' என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அது பெல்ட் பிரச்னை இல்லை, உயிர்ப் பிரச்னை.

ஆனால், கல் நன்றாக இருந்து, மோட்டாரும் ஓடி, பெல்ட் மட்டும் அடிக்கடி போகிறது என்றால், அவசரப்பட்டு எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று, `பெல்ட் அறுந்துடுச்சு, மாத்துங்க' என்பதற்குப் பதிலாக, `ஏன் அறுந்துச்சு அண்ணே?' என்று கேளுங்கள். பழைய பெல்ட்டை அவர் கையில் கொடுங்கள். பதில் சொல்லாமல் புதிய பெல்ட்டைப் பிரிப்பவர் என்றால், அடுத்த பெல்ட்டுக்கு நாலு மாதத்தில் அவரையே கூப்பிட வேண்டியிருக்கும்!

அம்மா இப்போதும் சனிக்கிழமைதோறும் மாவரைக்கிறார். ஸ்டோர் ரூம் ஆணியில் அந்த மூன்று பெல்ட்டும் அப்படியே தொங்குகின்றன. `எடுத்துப் போட்டுடலாமாம்மா?' என்று கேட்டால், `இருக்கட்டும்டி, எதுக்காவது ஆகும்' என்கிறார். அம்மா சொன்னால் ஆகும்தான். ஏற்கெனவே ஒருமுறை ஆகியிருக்கிறதே!